சென்னை - நாகர்கோவில் ஒரு மணி நேரம் பதினாறு நிமிஷம்னு காட்டுதே, அது எந்தக் கணக்கு?

சென்னைல இருந்து நாகர்கோவிலுக்கு எவ்வளவு தூரம், பிளைட்ல போனா எவ்வளவு நேரம்னு போன்ல தட்டிப் பாத்தா சுமார் 610 கிலோமீட்டர், ஒரு மணி நேரம் பதினஞ்சு இருபது நிமிஷம்னு ஒரு பதில் வந்து நிக்கும். கணக்குன்னு பாத்தா அதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா நாகர்கோவில்ல ஏர்போர்ட்டே கெடையாது, கன்னியாகுமரி மாவட்டத்துல எங்கயுமே கெடையாது, கொல்லங்கோட்டுல இருந்து ஆரல்வாய்மொழி வரைக்கும் தேடினாலும் டிக்கெட் எடுத்து ஏறுற ஒரு விமானம் தரை இறங்குற எடம் இல்ல. அப்போ அந்த ஒரு மணி பதினாறு நிமிஷம் யாரு போன பயணம்? யாரும் போகல. அது ஒரு வகுத்தல் கணக்கு, அவ்வளவுதான்.

இத ஏன் எழுதுறேன்னா, எங்க மாவட்டத்துல வீட்டுக்கு ஒரு ஆளாவது வெளியூர்லயோ வெளிநாட்டுலயோ இருப்பாங்க, துபாய், குவைத், மஸ்கட், சென்னை, பெங்களூர்னு. அவங்க லீவு கணக்கு போடறது, வீட்டுல ஒரு சாவுன்னா அடக்கத்துக்கு வந்து சேர முடியுமா முடியாதான்னு முடிவு பண்றது எல்லாம் இந்த தூரத்தையும் நேரத்தையும் வச்சுதான். நம்பர் எங்க இருந்து வருதுன்னு தெரியாம அத நம்பினா கடைசில அடி வாங்கறது நம்மதான்.

முதல்ல தூரம் எப்படி வருதுன்னு பாப்போம். பூமில எந்த எடத்துக்கும் ரெண்டு எண் உண்டு, அட்சரேகை, தீர்க்கரேகை. நாகர்கோவிலுக்கு சுமார் 8.18 டிகிரி வடக்கு, 77.41 டிகிரி கிழக்கு. சென்னை ஏர்போர்ட்டுக்கு சுமார் 12.99 வடக்கு, 80.17 கிழக்கு. ஒரு டிகிரி அட்சரேகைன்னா கிட்டத்தட்ட 111 கிலோமீட்டர். வடக்கு தெற்கா நாலே முக்கால் டிகிரிக்கு கொஞ்சம் மேல, அது 530 கிலோமீட்டர் சொச்சம் வரும், கிழக்கு மேற்கா ரெண்டே முக்கால் டிகிரி, அது 300 சொச்சம், ரெண்டையும் செங்கோண முக்கோணத்துல போட்டா 610 பக்கத்துல வந்துரும். ஸ்கூல்ல படிச்ச பிதாகரஸ் தேற்றம்தான். ரொம்ப தூரத்துக்கு இது ஒத்து வராது, பூமி உருண்டைங்கறதால அதோட வளைவுலயே போற மிகக் குட்டையான கோட்ட எடுக்கணும், அதத்தான் பெருவட்டப் பாதைன்னு சொல்றாங்க. சென்னை நாகர்கோவில் மாதிரி கிட்ட இருக்கற ஊருக்கு ரெண்டு கணக்குக்கும் பெரிய வித்தியாசம் வராது.

இந்தக் கணக்கு எங்க ஊரு கடல்காரங்களுக்கு புதுசு இல்ல. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்துல இருந்து ஆழ்கடலுக்கு சுறா பிடிக்கப் போறவங்க தூரத்த கிலோமீட்டர்ல பேசமாட்டாங்க, நாட்டிக்கல் மைல்ல தான் பேசுவாங்க. ஒரு டிகிரிய அறுபதா பிரிச்சா வர்ற ஒரு பங்குதான் ஒரு நாட்டிக்கல் மைல், 1.852 கிலோமீட்டர். போட்டுல இருக்கற ஜிபிஎஸ் காட்டறதும் விமானி முன்னாடி இருக்கற திரை காட்டறதும் ஒரே வகை நேர்கோட்டு தூரம். ஆனா கடல்காரங்க அத வெறும் தூரமா மட்டும் விடறது இல்ல, காத்து எப்படி, நீரோட்டம் எப்படி, எவ்வளவு டீசல், எவ்வளவு ஐஸ்னு உடனே நேரமாவும் செலவாவும் மாத்திருவாங்க. கன்னியாகுமரில இருந்து, இந்தியப் பெருங்கடல் நடுவுல சாகோஸ் தீவுக்கூட்டத்துல இருக்கற டீகோ கார்சியா தீவு நேர்கோட்டுல சுமார் 1,800 கிலோமீட்டர். நம்ம ஆளுங்க அந்தத் தீவுக்கூட்டம் பக்கம் வரைக்கும் போயிருக்காங்க, எல்லை தாண்டினதா பிடிபட்டதும் உண்டு. தூரத்த வச்சு பிளைட் நேரம் சொல்ற கணக்குல இதப் போட்டா ரெண்டே முக்கால் மணி நேரம்னு வரும். அது ராணுவத் தளம், டிக்கெட் எடுத்து யாரும் போக முடியாது. 8 நாட் வேகத்துல, அதாவது மணிக்கு 8 நாட்டிக்கல் மைல், விடாம ஓடற போட்டுக்கு அது அஞ்சு நாள். தூரம் ஒண்ணுதான், நேரம் மட்டும் எதுல போறோம்ங்கறத பொறுத்து இப்படி மாறும்.

இனி அந்த பிளைட் நேரம் எப்படி வருதுன்னு பாருங்க. பெரும்பாலும் செய்யறது இதுதான், தூரத்த 800க்கு பக்கத்துல ஒரு வேகத்தால வகுக்கறது, ஏறி இறங்க ஒரு அரை மணி நேரம் சேத்துக்கறது. 610ஐ 800ஆல வகுத்தா 46 நிமிஷம், கூட முப்பது, மொத்தம் 76 நிமிஷம், அதாவது ஒரு மணி பதினாறு. அங்க ஏர்போர்ட் இருக்கா, எந்த விமானம் ஓடுது, எந்த ஓடுபாதைல இருந்து கிளம்புது, இதெல்லாம் அந்தக் கணக்குக்குத் தெரியாது. நடுக்கடல்ல ஒரு புள்ளி வச்சாலும் நேரம் சொல்லும்.

இன்னொரு குழப்பம், கன்னியாகுமரின்னு தட்டினா அது ஊரா மாவட்டமாங்கறது. முக்கடல் கூடற அந்த முனைய எடுத்துக்குதா, இல்ல மாவட்டத்துக்கு நடுவுல ஒரு புள்ளிய எடுத்துக்குதான்னு பாக்கணும். மேற்க களியக்காவிளைல இருந்து கிழக்க முனை வரைக்கும் ரோட்டுல 50 கிலோமீட்டருக்கு மேல வரும். சென்னைல இருந்து பாத்தா இது பெரிய விஷயம் இல்ல, திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுல இருந்து பாத்தா தலைகீழா மாறிரும். களியக்காவிளைக்காரருக்கு ஏர்போர்ட் ஒரு மணி நேரப் பக்கம், முனைல இருக்கறவருக்கு கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். ஒரே மாவட்டம்தான், ஆனா வேற வேற கணக்கு.

சரி, உண்மைல பறக்கற பாதைங்க எது? எங்களுக்கு ரெண்டு இருக்கு, திருவனந்தபுரமும் தூத்துக்குடியும். மதுரை மூணாவது, அவசரத்துக்கு தான். சென்னை - திருவனந்தபுரம் நேர்கோட்டுல சுமார் 613 கிலோமீட்டர், டிக்கெட்டுல ஒரு மணி இருபது முப்பது நிமிஷம்னு போட்டிருக்கும். சென்னை - தூத்துக்குடி அதவிட கிட்ட, சுமார் 527 கிலோமீட்டர் தான். அப்போ தூத்துக்குடிக்கு சீக்கிரம் போயிரணும் இல்ல? அங்கதான் விஷயம். தூத்துக்குடியோட வாகைக்குளம் ஏர்போர்ட்டுல ரொம்ப வருஷமா ஓடுபாதை 1,350 மீட்டர் தான் இருந்துச்சு, ஏடிஆர் மாதிரி புரொப்பல்லர் விமானம் மட்டுந்தான் எறங்க முடிஞ்சுது. ஏடிஆர் மணிக்கு 500 கிலோமீட்டர் சொச்சம் தான் போகும், ஜெட்டு 800க்கு மேல போகும். அதனால 85 கிலோமீட்டர் கிட்ட இருக்கற ஊருக்கு அதே நேரமோ கூடவோ ஆகும். தூரத்த மட்டும் பாத்தா இது வெளங்காது. 2025 ஜூலைல தூத்துக்குடில புது முனையக் கட்டிடம் திறந்தாங்க, ஓடுபாதையும் நீட்டற வேலை நடந்தது, பெரிய விமானம் வழக்கமா ஓட ஆரம்பிச்சா தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து ஆளுங்களுக்கு அது நல்ல வழியா மாறும்னு நான் நெனைக்கிறேன். அங்க இருந்து நாகர்கோவில் சுமார் 100 கிலோமீட்டர் வந்தாலும் திருநெல்வேலி தாண்டினா நாலுவழிச் சாலை, நெரிசல் கம்மி.

டிக்கெட்டுல போட்டிருக்கற நேரம் வானத்துல பறக்கற நேரம் மட்டும் இல்ல, அதையும் தெரிஞ்சுக்கணும். விமானம் நிக்கற எடத்துல இருந்து நகர ஆரம்பிக்கறதுல இருந்து அங்க போயி நிக்கற வரைக்கும் உள்ள நேரம் அது. சென்னைல ரன்வே முனைக்கு ஊர்ந்து போயி வரிசைல நிக்கற நேரம், ஏறி திசை திரும்பற நேரம், இறங்கறதுக்கு முன்னாடி சுத்தச் சொன்னா அந்த நேரம் எல்லாம் அதுல சேரும். கம்பெனிங்க கொஞ்சம் கூடவே போட்டு வச்சுக்கும், லேட்டுன்னு பேரு வரக்கூடாதுல்ல. அதனாலதான் சில நாள் சொன்ன நேரத்துக்கு பத்து பதினஞ்சு நிமிஷம் முன்னாடியே எறங்கிருவோம். 613 கிலோமீட்டர ஒரு மணி இருபது நிமிஷத்தால வகுத்தா மணிக்கு 460 தான் வருது, 800 எங்க போச்சுன்னு கேட்டா தரைலயும் ஏத்தத்துலயும் எறக்கத்துலயும் போச்சு. கிட்ட இருக்கற ஊருக்கு எப்பவும் இப்படித்தான், விமானம் முழு வேகம் பிடிச்சு கொஞ்ச நேரத்துலயே எறங்க ஆரம்பிச்சுரும்.

காத்த பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும், ஏன்னா நம்ம ஊருக்கு அது சொந்த விஷயம். ஆடி மாசம் ஆரல்வாய்மொழி கணவாய்ல காத்து ஆளத் தள்ளும், அதனாலதான் முப்பந்தல்ல கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் காத்தாலை நிக்குது. அது தரைல மேற்குல இருந்து கிழக்க அடிக்கற பருவக்காத்து. ஆனா அதே மாசத்துல பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர் உயரத்துல நேர் எதிரா கிழக்குல இருந்து மேற்க பலமா காத்து ஓடும், வெப்பமண்டல கிழக்கு ஜெட் காத்துன்னு சொல்வாங்க, தென்னிந்தியாவுக்கு மேலதான் அது பலமா இருக்கும். விமானங்க பறக்கறதும் பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர் உயரம். கீழ ஒரு காத்து மேல ஒரு காத்து, ஒரே நாள்ல. அதனால ஒரே பாதைல போறப்பவும் வர்றப்பவும் நேரம் ஒண்ணா இருக்காது, மாசத்துக்கு மாசமும் மாறும். 600 கிலோமீட்டருக்கு இது சில நிமிஷம் தான், வளைகுடா போற தூரத்துக்கு நல்லாவே தெரியும்.

வளைகுடான்னதும் கடிகாரக் குழப்பம். திருவனந்தபுரம் - துபாய் சுமார் 2,900 கிலோமீட்டருக்கு மேல, பறக்க நாலு மணி நேரம் சொச்சம். துபாய் நம்மள விட ஒன்றரை மணி நேரம் பின்னால இருக்கு. அதனால டிக்கெட்டுல கிளம்பற நேரத்தையும் சேர்ற நேரத்தையும் கழிச்சுப் பாத்தா போறப்ப ரெண்டே முக்கால் மணி மாதிரி தெரியும், வர்றப்ப அஞ்சரை மணி மாதிரி தெரியும். முதல் தடவை போற பையனோட அம்மா, "ஏன் மக்களே, போகதுக்கு கொஞ்ச நேரமும் வாறதுக்கு இவ்வளவு நேரமும்?"னு கேக்கறது எங்க பக்கம் எல்லா வீட்டுலயும் நடக்கற பேச்சு. ரெண்டு டிக்கெட்லயும் போட்டிருக்கறது அந்தந்த ஊர் நேரம், அதான் காரணம்.

வரைபடத்த கையில வச்சு கன்னியாகுமரி முனைல இருந்து கோடு போட்டுப் பாத்தீங்கன்னா ஒரு ஆச்சரியம் இருக்கு. சென்னை நேர்கோட்டுல சுமார் 630 கிலோமீட்டர். மாலத்தீவோட தலைநகர் மாலே சுமார் 620. எங்க மாநிலத் தலைநகரும் இன்னொரு நாட்டோட தலைநகரும் எங்களுக்கு ஒரே தூரம். கொழும்பு அதுல பாதி கூட வராது, 285 கிலோமீட்டர் பக்கம் தான். திருவனந்தபுரத்துல இருந்து பாத்தாலும் மாலேவும் சென்னையும் 600 சொச்சம்னு ஒண்ணா நிக்கும். ஆனா கொழும்பு கிட்ட இருக்குன்னு யாராவது சாயங்காலம் போயிட்டு வர முடியுமா? பாஸ்போர்ட், விசா, பாதுகாப்பு சோதனைன்னு நேர்கோட்டுல இல்லாத நேரம் எல்லாம் நடுவுல நிக்கும். தூரத்த பூமி முடிவு பண்ணுது, நேரத்த மனுஷன் போட்ட எல்லையும் ரோடும் தண்டவாளமும் முடிவு பண்ணுது.

அந்த எல்லைதான் எங்க கதைக்கு நடுவுல இருக்கு. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்க திருவிதாங்கூர் - கொச்சி மாநிலத்துல இருந்தோம், தலைநகர் திருவனந்தபுரம், நாகர்கோவில்ல இருந்து 70 கிலோமீட்டர். அன்னிக்கு தாய்த் தமிழகத்தோட சேந்தோம், தலைநகர் 700 கிலோமீட்டர் தள்ளிப் போச்சு. பத்து மடங்கு. மார்ஷல் நேசமணி தலைமைல போராடி, 1954 ஆகஸ்ட் 11ல துப்பாக்கிச் சூட்டுல உயிர் குடுத்து, ஆசப்பட்டு வாங்கின தூரம் அது. அத யாரும் இங்க குறையா சொல்லமாட்டாங்க, நானும் சொல்லமாட்டேன். ஆனா தலைநகர் மாறினாலும் ஏர்போர்ட் மாறலையே. திருவனந்தபுரத்துல 1930கள்லயே விமானம் இறங்க ஆரம்பிச்சிருச்சு, 1991ல அது சர்வதேச ஏர்போர்ட் ஆச்சு. எங்க பெரியாஸ்பத்திரி நோயாளிங்க மேல் சிகிச்சைக்குப் போறதும், வளைகுடா போற பையன் போறதும் இன்னிக்கும் பழைய தலைநகருக்குத்தான்.

இனிதான் அந்த 70 கிலோமீட்டர். நேர்கோட்டுல பாத்தா நாகர்கோவில்ல இருந்து திருவனந்தபுரம் ஏர்போர்ட் 63 கிலோமீட்டர், ரோட்டுல 70 பக்கம். அதாவது ரோடு ஒண்ணும் அதிகமா சுத்தல, கிட்டத்தட்ட நேராத்தான் போகுது. அப்புறம் ஏன் ரெண்டு ரெண்டரை மணி நேரம் ஆகுது? பார்வதிபுரம், வில்லுக்குறி, தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரைன்னு ஊரு முடியற எடமே இல்ல. எங்க மாவட்டத்துல ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல இருக்காங்க, 2011 கணக்குப்படி 18.7 லட்சம் பேரு. ரோட்டோரம் வீடு, வீட்டுக்கு முன்னாடி கடை, கடைக்கு முன்னாடி பஸ் ஸ்டாப். மார்த்தாண்டத்துலயும் பார்வதிபுரத்துலயும் மேம்பாலம் வந்தது பெரிய உதவி, இருந்தாலும் தக்கலைல மாட்டினா மாட்டினதுதான். நாலுவழிச் சாலை வேலை வருஷக்கணக்கா நடந்துட்டு இருக்கு, குளமும் வயலும் நிறைஞ்ச பூமில அத அவசரமா மண்ணப் போட்டு மூடிரவும் முடியாது, மூடவும் கூடாது.

வேகத்த ஒப்பிட்டுப் பாருங்க, அப்போ புரியும். விமானம் புறப்பாட்டுல இருந்து நிக்கற வரைக்கும் சராசரி மணிக்கு 460. வந்தே பாரத் ரயில் 80 சொச்சம். சென்னை போற ராத்திரி பஸ் 60. ஏர்போர்ட் போற இந்த ரோடு மணிக்கு 30. நவராத்திரிக்கு பத்மநாபபுரத்துல இருந்து சரஸ்வதியும், சுசீந்திரத்துல இருந்து முன்னுதித்த நங்கையும், வேளிமலை முருகனும் இதே வழியா ஊர்வலமா திருவனந்தபுரம் போவாங்க, குழித்துறைலயும் நெய்யாற்றின்கரைலயும் ராத்தங்கி. சாமி போறப்ப மெதுவா போறதுல ஒரு அழகு இருக்கு. நெஞ்சு வலிக்கற ஆள ஏத்திட்டுப் போற ஆம்புலன்சுக்கு அது கூடாது.

அப்போ மொத்தக் கணக்க போடுவோம். நாகர்கோவில் வடசேரி பக்கத்துல இருந்து ஒருத்தர் சென்னை தாம்பரம் போறார்னு வைங்க. டாக்ஸிக்காரர்கிட்ட "அண்ணே, எப்ப கிளம்பலாம்?"னு கேட்டா பிளைட்டுக்கு நாலு மணி நேரம் முன்னாடின்னு தான் சொல்வார், அவரு சொல்றது சரி. ரோட்டுக்கு ரெண்டு ரெண்டரை மணி, கவுன்டர் ஒரு மணி நேரம் முன்னாடி மூடிருவாங்க, சோதனை வரிசை, அப்புறம் பறக்க ஒரு மணி இருபது, எறங்கி பெட்டி எடுத்து வெளிய வந்து வீடு சேர முக்கால் மணில இருந்து ஒரு மணி. ஆறுல இருந்து ஆறரை மணி நேரம் ஆச்சு. போன் காட்டின ஒரு மணி பதினாறு நிமிஷம் இதுல அஞ்சுல ஒரு பங்கு. அதுக்காக அந்த நம்பர் பொய்யின்னு சொல்லல, பயணத்துல ஒரு துண்ட மட்டும் எடுத்து முழுப் பயணம் மாதிரி காட்டுதுன்னு சொல்றேன். ஊரு ஒதுக்கமா இருக்க இருக்க மீதி நாலு பங்குதான் பெருசாகும், மும்பை - டெல்லி மாதிரி பெரிய ஊருங்களுக்கு அது சின்னது.

ரயிலு இங்க வந்ததே லேட்டு. திருவனந்தபுரம் - நாகர்கோவில் - கன்னியாகுமரி பாதை 1979ல திறந்தது, திருநெல்வேலில இருந்து நாகர்கோவிலுக்கு 1981ல. அதுக்கு முன்னாடி மெட்ராஸ் போகணும்னா திருநெல்வேலி வரைக்கும் பஸ்ல போயி அங்க ரயில் பிடிக்கணும். இன்னிக்கு எழும்பூர் - கன்னியாகுமரி ரயில் தூரம் 742 கிலோமீட்டர், கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் பன்னெண்டு பதிமூணு மணி நேரம் எடுக்கும், ஆனா சாயங்காலம் ஏறி தூங்கி விடியற நேரம் எறங்கறவங்களுக்கு அந்த நேரம் செலவான மாதிரியே தெரியாது. 2024 ஆகஸ்ட் 31ல சென்னை - நாகர்கோவில் வந்தே பாரத் தொடங்கினாங்க, காலைல 5 மணிக்கு எழும்பூர்ல கிளம்பி மதியம் 2 மணிக்குள்ள நாகர்கோவில், ஒம்பது மணி நேரத்துக்கும் குறைவு. பிளைட்டோட ஆறரை மணி நேரத்த பக்கத்துல வச்சுப் பாருங்க, ஸ்டேஷனுக்குப் போக வர்ற நேரத்த விட்டுட்டா வித்தியாசம் ரெண்டரை மணி நேரம் தான். அதுக்கு குடுக்கற காசும், மூணு எடத்துல எறங்கி ஏறற அலைச்சலும் யோசிச்சா வயசானவங்கள கூட்டிட்டுப் போறவங்களுக்கு நான் ரயிலத்தான் சொல்வேன்.

சென்னை பாதை உண்மைல ரொம்ப சுத்தறது இல்ல. 610 நேர்கோடு, 700 ரோடு, விழுப்புரம், திருச்சி, மதுரை, திருநெல்வேலி, அப்புறம் ஆரல்வாய்மொழி கணவாய் வழியா உள்ள வரணும், கிழக்குல இருந்து வர்றவங்களுக்கு மலை விட்டுக்குடுத்த வாசல் அதுதான். நேர்கோட்ட விட பதினஞ்சு சதவீதம் கூட. இதோட கன்னியாகுமரில இருந்து அசாம்ல இருக்கற திப்ருகர் போற விவேக் எக்ஸ்பிரஸ பாருங்க, இந்தியாவுலயே ரொம்ப நீளமான ரயில் பாதை, கிட்டத்தட்ட 4,190 கிலோமீட்டர், மூணு நாளைக்கு மேல ஓடும். நேர்கோட்டுல அது 2,825 கிலோமீட்டர் தான், பாதி கூடுதலா சுத்துது. காரணம் வங்காள விரிகுடா. கடல சுத்தி, வங்கதேசத்த சுத்தி, சிலிகுரி பக்கத்துல இருக்கற ஒடுக்கமான துண்டு நிலத்து வழியா நுழைஞ்சு போகணும். எங்க மாவட்டத்துக்கு கட்டட வேலைக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் ஹோட்டலுக்கும் வர்ற வடகிழக்குப் பசங்க ஊருக்குப் போறது இதுலதான். அவங்களுக்கும் போன் நாலு மணி நேரம்னு பிளைட் நேரம் காட்டும்.

இந்த தூரத்த எல்லாம் முதல்ல துல்லியமா அளந்ததுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1802ல பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை பக்கத்துல பன்னெண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு சங்கிலி போட்டு ஒரு அடிக்கோட்ட அளந்தார். இன்னிக்கு சென்னை ஏர்போர்ட் இருக்கறது அந்த மலைக்குப் பக்கத்துலதான். அதுல இருந்து முக்கோணம் முக்கோணமா விரிஞ்சு போன அளவுல முதுகெலும்பு மாதிரி இருந்த பெரிய கோட்டுக்கு தெற்கு முனை நம்ம குமரி, வடக்கு முனை இமயமலை அடிவாரம். மலை மேலயும் கோயில் கோபுரத்து மேலயும் கருவிய ஏத்தி அளந்து, காச்சல்ல ஆளுங்கள பறிகொடுத்து, வருஷக்கணக்கா எடுத்த வேலை. இப்போ அது விரல் தட்டினா வருது, அது நல்லதுதான்.

அப்போ குமரி மாவட்டத்துலயே ஒரு ஏர்போர்ட் வந்தா என்னன்னு கேப்பீங்க. சாமித்தோப்பு பக்கம் அமைக்கலாம்னு பேச்சு பல தடவை வந்திருக்கு. ஆனா 2008ல வந்த மத்திய அரசோட புது விமான நிலையக் கொள்கை, ஏற்கனவே உள்ள ஏர்போர்ட்டுல இருந்து 150 கிலோமீட்டருக்குள்ள இன்னொண்ணு வரணும்னா அது தேவையா, பழசுக்கு என்ன பாதிப்புன்னு தனியா ஆராயணும்னு சொல்லுது. எங்களுக்கு ஒரு பக்கம் 70ல திருவனந்தபுரம், இன்னொரு பக்கம் 100ல தூத்துக்குடி. ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நீளமா ஓடுபாதை, அதச் சுத்தி காலி எடம், இதெல்லாம் இவ்வளவு நெருக்கமா ஜனம் வாழற, வயலும் தென்னையும் வாழையும் நெறைஞ்ச மண்ணுல யாருகிட்ட இருந்து எடுக்கறது? என் கருத்து வெளிப்படையா சொல்றேன், எங்களுக்கு அவசரமா வேண்டியது ஓடுபாதை இல்ல. நாகர்கோவில் - திருவனந்தபுரம் 71 கிலோமீட்டர் ரயில் பாதைல இரட்டிப்பு வேலை முழுசா முடிஞ்சு, அடிக்கடி வேகமான லோக்கல் ரயில் ஓடி, எறங்கற எடத்துல இருந்து ஏர்போர்ட்டுக்கு ஒழுங்கா ஒரு பஸ் இருந்தா, அந்த ரெண்டரை மணி நேரம் ஒன்றரை ஆகும். அந்த ஒரு மணி நேரத்த வானத்துல எந்த வேகமான விமானமும் நமக்கு மிச்சப்படுத்தித் தராது. மொத்தப் பறப்பு நேரமே ஒரு மணி இருபது தானே.

கடைசியா ஊருக்கு வர்றவங்களுக்கு சில விஷயம். விளவங்கோடு, கிள்ளியூர், கல்குளம் பக்கம் வீடுன்னா கண்ண மூடிட்டு திருவனந்தபுரம் எடுங்க. தோவாளை, ஆரல்வாய்மொழி, அஞ்சுகிராமம் பக்கம்னா தூத்துக்குடியையும் ஒரு தடவை பாத்துட்டு எடுங்க. ராத்திரி ஒரு மணி ரெண்டு மணிக்கு எறங்கற பிளைட்டுன்னா பயப்படாதீங்க, அந்த நேரத்துல ரோடு காலியா கெடக்கும், ஒன்றரை மணில நாகர்கோவில் வந்துரலாம், சாயங்காலம் அஞ்சு மணிக்கு எறங்கறது தான் கஷ்டம். அப்புறம் பங்குனிலயும் ஐப்பசிலயும் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு, அதாவது சாமிய கடலுக்குக் கொண்டு போயி நீராட்டற நாள், எதுன்னு பாத்துக்கோங்க. ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போறது ரன்வே மேலதான், அன்னிக்கு சாயங்காலத்துல இருந்து ராத்திரி வரைக்கும் சில மணி நேரம் விமானம் எதுவும் ஏறாது, எறங்காது, நேரத்த மாத்தி வச்சிருப்பாங்க, டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கிட்டா நல்லது.